மோட்டார் பந்தயமும் மாநகர வீதிகளும்

2024ஆம் ஆண்டு ஓகஸ்ட் 31ஆம் திகதியும் செப்டெம்பர் முதலாம் திகதியும் சென்னை தீவுத்திடலைச் சுற்றியுள்ள வீதிகள் பொதுப் போக்குவரத்துக்கு மூடப்பட்டு, மின்னொளி வெள்ளத்தில் போர்மியுலா - 4 கார்கள் ஓடவிடப்பட்டன. அதனைத் தொலைக்காட்சியில் கண்ட எமது வாசகர்கள் சிலர், விசேடமாக இளைஞர்கள், "இதைக் காலிமுகத்திடலில் நடத்தினால் என்ன?" என்று எம்மிடம் கேட்டதுண்டு. கேள்வி நியாயமானதே. வேகத்தைக் கண்டு வியப்பது மனித இயல்பு. ஆயினும், பந்தயத்தை வீதிக்குக் கொண்டுவருவது என்பது அந்த வீதியை அதில் நடப்பவரிடமிருந்தும் வாழ்பவரிடமிருந்தும் சில நாட்களுக்கு வாங்கிக் கொள்வதாகும். வாங்குபவர் யார், எந்தச் சட்டத்தின் கீழ், யாரிடம் கேட்டு, எவர் செலவில், எவர் உயிருக்குப் பொறுப்பேற்று என்ற கேள்விகள் வேகத்துக்கு முன்னரே விடை காணப்பட வேண்டியவை. மோட்டார் பந்தயத்தின் ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு இக்கேள்விகளைச் சுற்றியே நகர்ந்து வந்திருக்கிறது.

மோட்டார் பந்தயம் பிறந்ததே வீதியில்தான். 1894ஆம் ஆண்டு ஜூலையில் பாரிஸிலிருந்து ரூவோன் நகர் வரையான 126 கிலோமீற்றர் தூரத்தைக் குதிரையில்லா வண்டிகள் ஓடிக் கடந்தன. முதலில் போய்ச் சேர்ந்த நீராவி வண்டியின் சராசரி வேகம் மணிக்கு 19 கிலோமீற்றர் அளவிலேயே இருந்தது. இன்று காலி வீதியில் நெரிசலற்ற நேரத்தில் ஒரு முச்சக்கர வண்டி அதைவிட விரைவாக ஓடும். அடுத்த ஆண்டு பாரிஸிலிருந்து போர்தோ சென்று மீண்டும் பாரிஸுக்குத் திரும்பும் 1,178 கிலோமீற்றர் பந்தயத்தை எமில் லெவாசோர் 48 மணித்தியாலம் 48 நிமிடத்தில் ஏறத்தாழ ஓய்வின்றி ஓட்டி முடித்தார்.

அதிலிருந்து எட்டே ஆண்டுகளில் வேகம் பல மடங்காகியது. வீதி மட்டும் அதே வீதியாக இருந்தது. 1903ஆம் ஆண்டு மே 24ஆம் திகதி ஆரம்பமான பாரிஸ் - மட்ரிட் பந்தயத்தில் முன்னணியில் வந்த கார் மணிக்குச் சராசரியாக 105 கிலோமீற்றர் வேகத்தில் ஓடியது. மண் வீதிகளில் எழுந்த புழுதியில் முன்னால் இருப்பது மரமா மனிதரா என்று ஓட்டுநருக்குத் தெரியவில்லை. வீதியோரத்தில் திரண்ட கிராம மக்களுக்கோ அவ்வளவு வேகத்தில் ஒரு பொருள் தம்மை நோக்கி வரக்கூடும் என்ற அனுபவமே இருந்ததில்லை. முதல் நாளிலேயே ஓட்டுநர்களும் பார்வையாளர்களும் மடிந்தனர். ரெனோல்ட் நிறுவனத்தை நிறுவிய சகோதரர்களில் ஒருவரான மார்செல் ரெனோல்ட்டும் அதில் காயமடைந்து இறந்தார். பிரெஞ்சு அரசாங்கம் போர்தோவிலேயே பந்தயத்தை நிறுத்தியது. கார்களின் இயந்திரங்களை இயக்கவும் அனுமதி மறுக்கப்பட்டு, அவை குதிரைகளால் புகையிரத நிலையத்துக்கு இழுத்துச் செல்லப்பட்டன. குதிரையை வென்றோம் என்று மார்தட்டிய இயந்திரங்களுக்கு அப்படியொரு முடிவு நேர்ந்தது.

இதன் பின்னர் உலகம் இரு வழிகளில் பிரிந்தது எனலாம். ஒன்று, பந்தயத்துக்கெனத் தனித் திடல் அமைப்பது. பிரித்தானியாவில் பொது வீதியில் பந்தயத்துக்கு இடமில்லாதிருந்தமையால் 1907ஆம் ஆண்டு சரே மாவட்டத்தில் புரூக்லண்ட்ஸ் ஓடுபாதை கட்டப்பட்டது. மற்றையது, வீதியையே பயன்படுத்துவது; ஆனால் சட்டத்தின் மூலம். மான் தீவின் நாடாளுமன்றம் 1904ஆம் ஆண்டில் வீதிகளை மூடுவதற்கெனச் சட்டம் இயற்றிய பின்னரே அங்கு பந்தயங்கள் நடைபெற்றன. எண்பது ஆண்டுகள் கழித்தும் இந்த நடைமுறை மாறவில்லை. பர்மிங்ஹாம் மாநகர சபை தனது நகர வீதிகளில் பந்தயம் நடத்த விரும்பியபோது, 1985ஆம் ஆண்டில் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே நிறைவேற்ற வேண்டியிருந்தது. 1986 முதல் 1990 வரை ஐந்து ஆண்டுகள் அப்பந்தயம் நடைபெற்று ஓய்ந்தது. அமைச்சர் ஒருவரின் விருப்பமோ பொலிஸாரின் அறிவித்தலோ அங்கு போதுமானதாகக் கருதப்படவில்லை என்பதை நாம் கவனத்திற் கொள்ள வேண்டும்.

எமது நாட்டுக்கு வருவோம். கொழும்பின் பொது வெளியில் பந்தயம் புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காலிமுகத்திடலில் குதிரைப் பந்தயங்கள் நடைபெற்றன. நகரம் வளர்ந்து, திடல் மக்கள் உலாவும் இடமான பின்னர், 1893ஆம் ஆண்டில் பந்தயம் கறுவாத்தோட்டத்துக்கு இடம் மாறியது. அங்கு அமைந்த குதிரைப் பந்தயத் திடல் இரண்டாம் உலகப் போரின்போது விமான ஓடுபாதையாகவும் பயன்பட்டது. பந்தயத்துக்கும் மக்களுக்கும் ஒரே இடம் போதாது என்று கண்டபோது மக்களை அகற்றாமல் பந்தயத்தை அகற்றிய அந்த முடிவு, காலனித்துவ நிர்வாகம் எடுத்த நல்ல முடிவுகளுள் ஒன்று.

யாழ்ப்பாணத்தவருக்கு இதனைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாட்டுவண்டிச் சவாரிக்கு அங்கே தனித் தரவைகளும் சவாரித் திடல்களும் உண்டு. சோடி மாடுகள் பாயும்போது வழியில் நிற்பவன் கதி என்னவாகும் என்பதை அறிந்திருந்த எமது முன்னோர், சந்தைக்குப் போகும் வீதியில் சவாரி விடவில்லை. மாடுகள் சில வேளைகளில் திடலை விட்டுக் கூட்டத்தினுள் பாய்ந்ததும் உண்டுதான். ஆயினும் அங்கு நின்றவர் சவாரி பார்க்க வந்தவர். வீதியால் தன்பாட்டில் போனவர் அல்லர்.

இலங்கையின் மோட்டார் பந்தயம் மலையில் வேரூன்றியது. நுவரெலியாவின் மஹகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934ஆம் ஆண்டிலிருந்து வரும் மரபு. ஒரு நேரத்தில் ஒரு கார் அல்லது ஒரு மோட்டார் சைக்கிள் மாத்திரமே தேயிலைத் தோட்டத்து வளைவு வீதியில் ஏறும். எதிரி கடிகாரம் மட்டுமே. ஏப்ரல் வசந்த காலத்தில் மலையகம் செல்லும் கொழும்புக் குடும்பங்கள் பலவற்றுக்கு முதன்முதலில் பந்தயக் கார் ஒன்றின் உறுமலைக் கேட்ட இடம் அதுவாகவே இருக்கும். போரின் பின்னர் களுத்துறைக்கு அருகிலுள்ள கட்டுகுருந்த விமான ஓடுபாதை பந்தயத் திடலாகியது. போர்க்காலத்தில் பிரித்தானியக் கடற்படையின் விமானப் பிரிவு அதனை அமைத்திருந்தது. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன், சென்னைக்கு வடக்கேயுள்ள சோழவரம், எமது கட்டுகுருந்த ஆகிய மூன்றும் உலகப் போர் விட்டுச் சென்ற ஓடுபாதைகளே. குண்டு வீச்சு விமானங்களுக்காக இடப்பட்ட தார், பின்னர் விளையாட்டுக்குப் பயன்பட்டது.

பின்னாளில் இராணுவ முகாம்களை அண்டிய மண் திடல்கள் இதில் முக்கிய இடம் பெற்றன. தியத்தலாவையின் பொக்ஸ் ஹில், சாலியபுரவின் கஜபா, மின்னேரியாவின் கன்னர்ஸ் என ‘சுப்பர் குரொஸ்’ பந்தயங்கள் பெருந்திரளான மக்களை ஈர்த்தன. எம்பிலிப்பிட்டியவில் வளவை சுப்பர் குரொஸ் நடைபெற்றது. பண்டாரகமவில் சிறிய ‘கார்ட்’ வண்டிகளுக்கான ஓடுபாதை அமைந்தது. டிலந்த மாலகமுவ போன்றோர் ஆசிய நாடுகளின் பந்தயங்களிலும் இலங்கைக் கொடியுடன் ஓடினர். இத்தனை ஆர்வம் இருந்தும், உலகத் தரச் சான்று பெற்ற முழுமையான ஓடுபாதையொன்றைக் கொண்டு பெயர் பெற்ற நாடாக நாம் ஆகவில்லை. இராணுவத்தின் நிலமும் பழைய விமானத் தளமும் தோட்டத்து வீதியுமே இவ்விளையாட்டுக்கு இரவலாகக் கிடைத்து வந்துள்ளன.

வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டதும், 2022இல் எரிபொருளுக்காக மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றதும் இவ்விளையாட்டை மேலும் ஒடுக்கின. தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. எரிபொருள் அட்டைக்குக் கிடைத்த சில லீற்றருடன் வாரத்தைக் கடத்திய முச்சக்கர வண்டிச் சாரதியிடம் அந்நாட்களில் பந்தயத்தைப் பற்றி யாரும் பேசியிருக்க மாட்டார்கள்.

கொழும்பு வீதிகளில் பந்தயம் நடைபெற்றதே இல்லையா என்றால், நடைபெற்றது. 2010களின் தொடக்க ஆண்டுகளில், போர் முடிந்த கையோடு, கோட்டையையும் காலிமுகத்திடலையும் அண்டிய பகுதியில் ‘கொழும்பு இரவுப் பந்தயம்’ நடத்தப்பட்டது. பல்லாயிரம் பேர் கண்டு களித்தனர் என்பதை மறைப்பதற்கில்லை. சென்னைப் பந்தயம் தெற்காசியாவின் முதலாவது இரவு வீதிப் பந்தயம் என விளம்பரப்படுத்தப்பட்டபோது, அதனை நினைவில் வைத்திருந்த கொழும்புவாசிகள் புன்னகைத்திருப்பர். போர்மியுலா - 4 என்ற வகையில் சென்னையின் உரிமைகோரல் சரியாகவே இருக்கலாம்.

ஆனால் அக்காலத்தில் கொழும்பு வீதிகள் யாருக்காகத் திறந்தன, யாருக்காக மூடின என்பதையும் சேர்த்தே நினைவுகூர வேண்டும். 2007ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் திகதி வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை ஆகிய இடங்களின் விடுதிகளில் தங்கியிருந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டுக் கொழும்பிலிருந்து வெளியேற்றப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 2010ஆம் ஆண்டு மே மாதத்தில் கொம்பனித்தெருவின் மியூஸ் வீதியில் குடும்பங்களின் வீடுகள் இடித்தகற்றப்பட்டன. ‘இன்று வீதி மூடப்பட்டிருக்கிறது’ என்ற சொற்றொடர் எமது வாசகர்களுக்கு விளையாட்டுச் செய்தியாக மட்டும் ஒலிப்பதில்லை. தடுப்பு வேலியும் சீருடையும் கண்டால் அடையாள அட்டையைத் தேடிய கை, அந்தப் பழக்கத்தை அவ்வளவு விரைவில் மறக்காது. பந்தயத்தைக் குறைகூறுவதற்காக இதனைக் கூறவில்லை. வீதியை மூடுமுன் அவ்வீதியில் வாழ்வோரிடம் கேட்பது ஏன் வெறும் சம்பிரதாயமன்று என்பதற்காகவே கூறுகிறோம்.

சென்னையின் அனுபவம் இவ்விடயத்தில் எமக்குப் பெரும் பாடமாகும். மதராஸ் மோட்டார் விளையாட்டுக் கழகம் 1953ஆம் ஆண்டில் தோன்றியது. சோழவரத்தின் பழைய விமான ஓடுபாதையில் ஆண்டுதோறும் நடைபெற்ற பந்தயங்கள் மதராஸ் நகரின் திருவிழாக்களில் ஒன்றாகவே விளங்கின. இலங்கையிலிருந்தும் போட்டியாளர்கள் அங்கு சென்று ஓடியதுண்டு. பின்னர் கழகம் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் சொந்த ஓடுபாதையைக் கட்டி 1990ஆம் ஆண்டில் திறந்தது. கோயம்புத்தூரில், பந்தயக் கார்களைத் தாமே வடிவமைத்த கரிவரதனின் பெயரில் செட்டிப்பாளையம் ஓடுபாதை அமைந்தது. 2005இல் போர்மியுலா - 1 பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும், 2010இல் அவரைத் தொடர்ந்த கருண் சந்தோக்கும் இம்மண்ணிலிருந்து எழுந்தவர்கள். இன்று நடிகர் அஜித்குமாரின் அணி ஐரோப்பியத் திடல்களில் ஓடுவதைத் தமிழுலகம் பார்த்து மகிழ்கிறது. ஆக, தமிழகம் வீதிக்கு வருமுன் ஏழு தசாப்தங்கள் திடலில் பயின்றிருக்கிறது.

அவ்வாறிருந்தும் தீவுத்திடல் பந்தயம் இலகுவில் நடைபெறவில்லை. 2023 டிசம்பரில் நடைபெறவிருந்த போட்டி, மிக்ஜாம் புயலினால் நகரம் வெள்ளத்தில் மூழ்கியதால் பிற்போடப்பட்டது. மக்கள் கழுத்தளவு நீரில் நிற்கையில் பந்தய ஓடுபாதைக்குச் செலவிட்ட பணம் பற்றிய வினா எழுவது தவிர்க்க முடியாததாயிற்று. வழக்குகள் தொடரப்பட்டன. அருகிலேயே அரச மருத்துவமனைகள் உள்ளன, இரைச்சலும் போக்குவரத்துத் தடையும் நோயாளரைப் பாதிக்கும் என்பது மனுதாரர்களின் வாதங்களில் ஒன்று. 2024 பெப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் நிபந்தனைகளுடன் அனுமதியளித்தது. அரசு செலவிட்ட 42 கோடி ரூபாவைப் போட்டியை நடத்தும் தனியார் நிறுவனம் திருப்பிச் செலுத்த வேண்டும் என்பது அவற்றுள் முக்கியமானது. செலவு பற்றிய அந்நிபந்தனைகளை இந்திய உச்ச நீதிமன்றம் 2025இல் நீக்கியது. எந்தத் தீர்ப்பு சரி என்பது ஒருபுறமிருக்க, ‘பொதுப்பணமா, தனியார் பணமா?’ என்ற கேள்வி நீதிமன்றத்தில் வெளிப்படையாக விவாதிக்கப்பட்டதே பெரிய விடயம்.

போட்டி நாளிலும் சோதனை ஓயவில்லை. மழை பெய்தது. 3.5 கிலோமீற்றர் நீளமும் 19 வளைவுகளும் கொண்ட அப்பாதைக்குச் சர்வதேச மோட்டார் சம்மேளனத்தின் பாதுகாப்புச் சான்று வந்து சேரத் தாமதமாகியது. நீதிமன்றம் காலக்கெடுவை நீடிக்க வேண்டியிருந்தது. சான்று வரும்வரை ஒரு காரும் ஓடவில்லை என்பதை நாம் பாராட்டுகிறோம். பின்னர் தெருநாயொன்று ஓடுபாதைக்குள் புகுந்து பந்தயத்தைச் சற்றுத் தடைப்படுத்தியது. மாநகர வீதி என்பது எத்தனை வேலி அடைத்தாலும் முழுமையாக அடைபடாத இடம் என்பதற்கு அந்த நாயே சாட்சி.

வீதிப் பந்தயத்தின் உச்சமாகக் கூறப்படும் மொனாக்கோவில் 1929ஆம் ஆண்டிலிருந்து பந்தயம் நடைபெறுகிறது. பாதையின் நீளம் 3.337 கிலோமீற்றர். தடுப்புகளையும் வேலிகளையும் பார்வையாளர் மேடைகளையும் நிறுவ ஆறு வாரங்களும், அகற்ற மூன்று வாரங்களும் பிடிக்கின்றன. மூன்று நாள் நிகழ்வொன்றுக்காக நகரம் இரண்டு மாதங்களுக்கு மேல் சிரமப்படுகிறது. அங்கு வாழும் செல்வந்தர்களுக்கு அது தாங்கக்கூடியதாக இருக்கலாம். கோட்டையில் நடைபாதை வியாபாரம் செய்பவருக்கு ஒன்பது வாரம் என்பது ஒரு பிள்ளையின் பாடசாலைத் தவணை.

சிங்கப்பூரின் கதை எமக்கு நெருக்கமானது. அங்கு 1961 முதல் 1973 வரை தொம்சன் வீதியில் பந்தயம் நடைபெற்றது. ஆபத்தும் போக்குவரத்து நெருக்கடியும் காரணமாக அது கைவிடப்பட்டது. முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2008 செப்டெம்பர் 28ஆம் திகதி, மரீனா குடாவை ஒட்டிய வீதிகளில் உலகின் முதலாவது போர்மியுலா - 1 இரவுப் பந்தயமாக அது திரும்பி வந்தது. செலவில் அறுபது சதவீதத்தை அரசாங்கம் ஏற்றது. ஆனால் பந்தய நாட்களில் வருவாய் பெருகும் ஹோட்டல்கள் மீது தனி வரி விதிக்கப்பட்டது. ஓடுபாதையை ஒட்டியவற்றுக்கு முப்பது சதவீதம், ஏனையவற்றுக்கு இருபது சதவீதம். இலாபமடைபவர் செலவையும் பகிர வேண்டும் என்ற எளிய நியாயம் அது. ஹைதராபாத்தில் 2023 பெப்ரவரியில் மின்சாரக் கார்ப் பந்தயம் நடைபெற்றது. ஆட்சி மாறிய பின்னர் அடுத்த ஆண்டுப் போட்டி இரத்தாகி, பணம் செலுத்தப்பட்ட முறை பற்றி விசாரணை தொடங்கியது. கணக்கு முதலில் எழுதப்படாவிட்டால் பின்னர் அது வழக்காக எழுதப்படும்.

பணம் கொட்டினால் வீதி ஓடுபாதையாகிவிடும் என்றும் எண்ண வேண்டாம். 2023 நவம்பரில் லாஸ் வேகாஸில் முதல் பயிற்சி ஓட்டம் ஆரம்பித்து எட்டு நிமிடங்களே ஆகியிருந்தன. வீதியில் பதிக்கப்பட்டிருந்த நீர்க்குழாய் வால்வின் மூடியொன்று கழன்று மேலெழுந்து கார்லோஸ் சைன்ஸின் பெராரி காரின் அடிப்பாகத்தை உடைத்தது. பயிற்சி நிறுத்தப்பட்டு வீதியின் மூடிகள் எல்லாம் சோதிக்கப்பட்டன. தாழ்ந்தமைந்த பந்தயக் கார் அதிவேகத்தில் ஓடுகையில் அதன் அடியில் உண்டாகும் உறிஞ்சு விசை கனத்த இரும்பு மூடியையும் தூக்கிவிடும். கொழும்பில் வடிகால் மூடிகளைக் கார் தூக்க வேண்டிய அவசியமே இல்லை. அவற்றை இரவோடிரவாக இரும்புக்காக எடுத்துச் செல்வோர் இருக்கின்றனர்.

இவை எல்லாவற்றிலும் பார்க்கப் பாரதூரமானது பார்வையாளரின் உயிர். 1955 ஜூன் 11ஆம் திகதி பிரான்ஸின் லு மான் பந்தயத்தில் மெர்சிடிஸ் காரொன்று மோதிச் சிதறி, அதன் பாகங்கள் கூட்டத்தினுள் பறந்ததில் எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பந்தயத்தை நிறுத்தினால் வெளியேறும் மக்கள் வெள்ளம் அம்பியூலன்ஸ்களை மறித்துவிடும் என்று கூறி ஓட்டம் தொடரப்பட்டது. சுவிட்சர்லாந்து அதன் பின்னர் ஓடுபாதைப் பந்தயங்களையே தடை செய்தது. பல தசாப்தங்களின் பின்னரே அத்தடை நீங்கியது. இரண்டு ஆண்டுகள் கழித்து இத்தாலியில், பொது வீதிகளில் ஆயிரம் மைல் ஓடும் மில்லே மிலியா பந்தயத்தில் ஒரு காரின் டயர் வெடித்தது. ஓட்டுநரும் துணைவரும் வீதியோரத்தில் நின்ற ஒன்பது பேரும் இறந்தனர். அவர்களில் ஐவர் சிறுவர்கள். அந்தப் பந்தயம் அத்துடன் முடிவுக்கு வந்தது.

எமக்கு இத்தாலிவரை போக வேண்டியதில்லை. 2024 ஏப்ரல் 21ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, ஐந்து ஆண்டு இடைவெளியின் பின்னர் நடைபெற்ற தியத்தலாவை பொக்ஸ் ஹில் பந்தயத்தில், ஓடுபாதையை விட்டு விலகிய காரொன்று மக்களுள் பாய்ந்தது. எட்டு வயதுச் சிறுமி உட்பட ஏழு பேர் உயிரிழந்தனர். இருபதுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். இறந்தவர்களில் ஓடுபாதைக் கடமையில் நின்றவர்களும் இருந்தனர். புத்தாண்டு விடுமுறையில் பிள்ளையுடன் பந்தயம் பார்க்கச் சென்ற குடும்பம் சவப்பெட்டியுடன் திரும்பியது. அது மாநகர வீதியன்று. சுற்றிலும் வெளியுள்ள திறந்த திடல். அவ்வளவு இடமிருந்தும் காருக்கும் மக்களுக்கும் இடையே அவர்களைக் காத்திருக்கக்கூடிய தடுப்பு இருக்கவில்லை.

ஓடுபாதைப் பாதுகாப்பு என்பது ஊகமன்று. அது ஒரு பொறியியல். கார் விலகினால் வேகம் குறைய இடைவெளி வேண்டும். இடைவெளி இல்லாவிடில் மோதலை உறிஞ்சும் தடுப்பும், அதன் பின்னால் கொங்கிறீட்டும், மேலே சிதறல்களைத் தடுக்கும் கம்பி வலையும் வேண்டும். வளைவின் வெளிப்புறத்தில் மக்களை நிற்க விடலாகாது. அங்கே நின்றால்தான் நன்றாகத் தெரியும் என்பதால் மக்கள் அங்கேயே கூடுவர் என்பதையும் திட்டமிடுபவர் அறிந்திருக்க வேண்டும். சர்வதேச சம்மேளனம் ஓடுபாதைகளைத் தரம் பிரித்து, காரின் எடைக்கும் வலுவுக்கும் ஏற்ற தரமில்லாத பாதையில் ஓட அனுமதிப்பதில்லை. மைதானத்துக்கு மூங்கிலும் கயிறும் கட்டிப் பழகிய எமக்கு இது மிகையாகத் தோன்றலாம். அந்த எட்டு வயதுப் பிள்ளைக்கும் அந்த மிகை தேவைப்பட்டிருந்தது.

இனி, சட்டபூர்வ பந்தயம் ஒன்றும் இல்லாமலே எமது வீதிகளில் பந்தயம் நடைபெற்றுக் கொண்டுதான் இருக்கிறது. வெள்ளவத்தையில் கடலோர மரைன் டிரைவ் வீதியை அண்டி வாழ்பவர்கள், நள்ளிரவு கடந்த பின்னர் சைலன்சர் கழற்றிய மோட்டார் சைக்கிள்கள் அணி வகுத்துப் பறப்பதை அறிவர். பன்னிரண்டு மணிக்குப் பின் தூக்கம் கலைந்து நாமும் பல இரவுகளில் ஜன்னலண்டை நின்றிருக்கிறோம். ஒருபுறம் புகையிரதப் பாதை, மறுபுறம் மாடிக் குடியிருப்புகளின் வாசல். நடுவே பதினெட்டு வயது. ஆண்டொன்றுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீதி விபத்துகளில் மடியும் நாட்டில், அந்த ஒலி ஒவ்வொரு முறையும் தூரத்தில் சென்று மறையும் வரை தாய்மாரின் நெஞ்சு நிலைகொள்வதில்லை. பந்தயம் பார்த்தால் இளைஞர் கெட்டுப்போவர் என்று நாம் கூறமாட்டோம். பழகுவதற்கு இடமில்லாதவன் வீதியில்தான் பழகுவான். கட்டுப்படியாகும் கட்டணத்தில் தலைக்கவசமும் பயிற்சியாளரும் உள்ள ஒரு சிறு ஓடுபாதை, மாநகர வீதியில் நடைபெறும் பகட்டான ஓர் இரவைவிட அவர்களுக்கு அதிகம் உதவும்.

கோட்டையிலும் காலிமுகத்திடலிலும் வீதியை மூடினால் அதன் சுமை எங்கே இறங்கும் என்பதையும் பார்ப்போம். வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டைக்கு வரும் 100, 101ஆம் இலக்க பஸ்கள் காலி வீதியால் வந்து காலிமுகத்திடலைக் கடந்தே செல்ல வேண்டும். அந்த வழி அடைபட்டால் நெரிசல் கொம்பனித்தெருவுக்கும் மருதானைக்கும் திரும்பும். வடக்கே துறைமுகத்துக் கொள்கலன் லொறிகள் ஏற்கனவே திணறும் கொட்டாஞ்சேனை வீதிகளுக்குள் மேலும் வாகனங்கள் புகும். ஜிந்துப்பிட்டியிலோ புளூமெண்டாலிலோ ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால், தேசிய வைத்தியசாலைக்குச் செல்லும் அம்பியூலன்ஸ் எந்த வழியால் போகும்? பந்தயம் நடத்த விரும்புபவர் விளம்பரப் பலகையை நாட்டுமுன் இந்தக் கேள்விக்கு வரைபடத்தில் விடை காட்ட வேண்டும்.

வீதியை எவருக்குமே மூடக்கூடாது என்பதன்று எமது வாதம். செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டி நோக்கி ஆடிவேல் இரதம் வருகையில் காலி வீதி ஒதுங்கி வழிவிடுகிறது. ஜூன் 13ஆம் திகதி கொச்சிக்கடை அந்தோனியார் திருவிழாவுக்குக் கொட்டாஞ்சேனை மூடப்படுகிறது. வெசாக் இரவுகளில் முழு நகரமும் நடந்தே செல்கிறது. ஜும்ஆ நேரத்தில் பள்ளிவாசல் வீதிகளில் வாகனங்கள் பொறுத்து நிற்கின்றன. இவற்றில் எவரும் குறைபடுவதில்லை. ஏனெனில் அந்த வீதியில் வாழ்பவரே அந்த விழாவிலும் நிற்கிறார். பந்தயத்தில் அவர் தடுப்புக்கு வெளியே நிற்கிறார். நுழைவுச்சீட்டு விலையைக் கேட்டுத் திரும்பிச் செல்கிறார்.

கொழும்பில் பந்தயம் நடத்தியே ஆக வேண்டும் என்போருக்கு ஓர் இடத்தைச் சுட்டிக்காட்டலாம். காலிமுகத்திடலுக்கு அப்பால் கடலை நிரப்பி உருவாக்கப்பட்ட துறைமுக நகரில் 269 ஹெக்டேயர் நிலம் உண்டு. அகன்ற புதிய வீதிகள் உண்டு. குடியிருப்போர் இன்னும் பெருகவில்லை. அதற்கென 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தனி ஆணைக்குழுவும் உள்ளது. நகரின் உயிர்நாடியான வீதி எதனையும் அறுக்காமல் அங்கு ஓடலாம். ஆனால் அங்கும் சர்வதேசத் தரச் சான்று பந்தயத்துக்கு வாரங்கள் முன்னரே கையில் இருக்க வேண்டும். சென்னையைப் போல் அன்று மாலை வரை காத்திருக்கலாகாது. செலவும் வருவாயும் முன்கூட்டியே பகிரங்கப்படுத்தப்பட வேண்டும். பார்வையாளருக்கும் கடமையில் நிற்போருக்கும் காப்புறுதி வேண்டும். பொக்ஸ் ஹில் அனர்த்தம் பற்றிய விசாரணைகளில் கண்டறியப்பட்டவை முழுமையாக மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். அதைச் செய்யாமல் அடுத்த பந்தயத்துக்கு நாள் குறிப்பது ஏழு குடும்பங்களை அவமதிப்பதாகும்.

நாளைக் குறிக்கும்போதும் நாட்காட்டியைப் பார்த்துக் குறிக்க வேண்டும். ரமழான் இரவுகளில் தராவீஹ் தொழுகை நடைபெறும். போயா தினங்களும் ஆடிவேலும் கொச்சிக்கடைத் திருவிழாவும் உண்டு. க.பொ.த. சாதாரண தர, உயர்தரப் பரீட்சைக் காலங்களில் வெள்ளவத்தையின் மாடி வீடுகளில் விளக்குகள் இரண்டு மணிவரை எரிகின்றன. கடற்காற்று ஒலியை எந்தத் திசைக்குக் கொண்டு செல்லும் என்பது மே மாதத்தில் ஒன்று, டிசம்பரில் வேறொன்று. தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் துறைமுக நகரில் எழும் ஓசை நேரே கொட்டாஞ்சேனைக்குத்தான் வந்து சேரும்.